குளிக்கத் தகுந்த தண்ணீர்

என் கையெழுத்து அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து போட்டு வருகிற அதே கோணல் கையெழுத்துதான். கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி ஒரு சுழி சுழித்து நிற்கும். அதை ஃப்ளெக்ஸில் அச்சடித்து, ஈ.சி.ஆர். பக்கத்துக் கடற்கரை ஒன்றின் நுழைவாயிலில் ஆள் உயரத்துக்கு மாட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சுழி மட்டுமே என் உள்ளங்கை அகலம் இருந்தது. கையெழுத்துக்கு மேலே எங்கள் லேப் ரிப்போர்ட். அதற்கும் மேலே, பச்சை எழுத்தில், "இந்தக் கடல்நீர் குளிக்கத் தகுந்தது."

என் கணவர் அந்த போர்டுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். "மேடம் கையெழுத்து இல்லாமல் இங்கே அலைகூட அடிக்காது" என்று கீழே ஒரு வரி. அவர் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அச்சில் வந்த எண் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு மரியாதை கொடுப்பார். அந்த எண்ணுக்குக் கீழே பெண்டாட்டி பெயரும் இருந்தால் கேட்க வேண்டுமா? அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் சேலையூரில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அடுக்குமாடிக்காரர்கள் போர் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். கேன் தண்ணீர்க் கம்பெனிகள், ஹோட்டல்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் வரும். அந்தத் தண்ணீரில் கிருமி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு தடவைகூட எண்ணை மாற்றி எழுதியதில்லை. எழுதச் சொன்னவர்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்க மாட்டேன்.

கடல் தண்ணீர் எங்களிடம் வந்தது ஒரு கொடியால். சுத்தமான கடற்கரைகளுக்கு வெளிநாட்டு அமைப்பு ஒன்று கொடி கொடுக்கிறது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, சக்கர நாற்காலி போக மரப்பாதை, உயிர் காப்பாளர், தனித்தனி நிறத்தில் குப்பைத்தொட்டி என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீரைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்து, முடிவை மக்கள் பார்க்கிற மாதிரி போர்டில் போட வேண்டும். அந்தக் கடற்கரையைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்கு எப்படியாவது கொடியை வாங்கிவிட வேண்டும் என்று வெறி. மூங்கில் குடைகள் நட்டார்கள். மரப்பாதை போட்டார்கள். தண்ணீரைப் பரிசோதிக்க எங்களைக் கூப்பிட்டார்கள்.

முதல் மாதிரி வந்தபோது நான்கூடச் சந்தோஷப்பட்டேன். மனிதக் கழிவிலிருந்து வரும் கிருமிகள் நூறு மில்லி தண்ணீரில் நூறுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் குளிக்கிற கடலுக்கு உள்ள அளவு. சென்னைக்குத் தெற்கே, இத்தனை வீடுகளும் இத்தனை கழிவுநீர் லாரிகளும் இருக்கிற இடத்தில் அது எங்கே வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வந்தது. நன்றாகவே உள்ளே வந்தது. திரும்பச் செய்து பார்த்தேன், அதேதான். கையெழுத்துப் போட்டேன்.

மாதிரி எடுத்துவருகிறவர் எங்கள் லேபில் வெகு நாளாக இருப்பவர். அந்தக் கடற்கரைக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பாட்டிலின் வாயை ஒரு அடி ஆழத்தில் திறந்து, அலையைப் பார்த்துப் பிடித்து மூடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ ஐஸ் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கும் பாஸ்தான் மேடம். தண்ணி கண்ணாடி கணக்கா கீது. நேத்து சாய்ங்காலமே ஜேசிபி வந்து வாயை மூடிட்டானுங்க."

"எந்த வாயை?"

"கால்வா வாய் மேடம். வடக்கால வந்து கடல்ல வுழுதே, அது. நாம வர்றதுக்கு மொத நாளு மண்ணைத் தள்ளி மூடிக்குவாங்க. நாம போனதும் ஒடச்சி வுட்ருவாங்க. இல்லாங்காட்டி பின்னால கீற வூட்டுக்குள்ளாற தண்ணி பூந்துடுமே."

மழைநீர்க் கால்வாய் என்று பெயர். மழை எப்போதாவதுதான் அதில் ஓடும். மற்ற நாளெல்லாம் ஓடுவது என்ன என்று மூக்குள்ளவர்களுக்குத் தெரியும். மாதிரி எடுக்கப் போகும் தேதியை நாங்கள் முன்கூட்டியே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தேதி தெரிந்ததும் அவர்கள் ஜேசிபிக்குச் சொல்கிறார்கள். ஒரு ராத்திரி கால்வாய் மூடிக் கிடந்தால் கடல் தன்னைத் தானே அலசிக்கொண்டுவிடும். காலையில் நாங்கள் பாட்டிலோடு போய் நிற்கிறோம்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியே மேடம்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

எங்கள் முதலாளியிடம் போனேன். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். அவர் ரிப்போர்ட்டின் கடைசி வரியைக் காட்டினார். எங்கள் எல்லா ரிப்போர்ட்டிலும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்: இந்த முடிவு எங்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.

"நாம பாட்டில்ல இருக்கிறதைச் சொல்றோம் மேடம். கடல்ல இருக்கிறதைச் சொல்லல. அது உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். ஆனால் ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட்டைப் பெரிதாக்கியபோது இடம் போதாமல் அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டார். என் கையெழுத்தின் சுழியோடு போர்டு முடிந்துவிட்டது. சொல்லாமல் ஒரு நாள் போய் மாதிரி எடுக்கலாமா என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஊதுகிற சங்கை ஊதிவிட்டோம் என்று நானும் என் வேலையைப் பார்க்கத் திரும்பினேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, அப்போது அது எனக்கு ஆபீஸ் எரிச்சல் மட்டும்தான். அந்தத் தண்ணீரில் எனக்கு வேண்டியவர்கள் யாரும் இறங்கப்போவதில்லை என்று இருந்தேன்.

என் கணவருக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம் இருக்கும். இதெல்லாம் நடப்பதற்கு முந்தைய வருடம் தை மாதம் வலது கால் கட்டைவிரலில் புண் வந்து, விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குக் கீழே உள்ளங்காலில் இருந்த புண் ஆறவே பத்து மாதம் ஆயிற்று. ஆறியது என்றால், மேலே மெல்லிசாய் ஒரு தோல் மூடியிருந்தது. அழுத்தினால் வலிக்காது, அதுதான் பயம், ஏனென்றால் அந்தக் காலில் அவருக்கு எதுவுமே வலிக்காது. தினமும் காலை நான்தான் அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டே "பாஸா, ஃபெயிலா?" என்பார்.

அந்த வருடத் தை அமாவாசைக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கவில்லை. அம்மாவின் அஸ்தியைக் கரைத்தது அந்தக் கடற்கரையில்தான், குடையும் போர்டும் வருவதற்கு முன்னால். வருடத்துக்கு ஒரு நாள், தை அமாவாசைக்கு, அங்கே போய் மூன்று முழுக்குப் போட்டு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வருவது அவர் வழக்கம். மற்றபடி பெரிய பக்திமான் எல்லாம் கிடையாது. மாடம்பாக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பழைய சிவன் கோவில் இருந்தும் நான் இழுத்துக்கொண்டு போனால்தான் வருவார். அம்மா விஷயம் வேறு. ஒரு வருடம் விட்டுப்போனதை அவர் மனசு ஒப்பவில்லை.

"இந்த வருஷம் எப்படியும் போயிடணும்" என்று மார்கழியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"திருநீர்மலைக் குளக்கரையில கொடுத்துடலாங்க. வீட்டுலயே குளிச்சிட்டுப் போலாம். டாக்டர் காலை நனைக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"அம்மாவைக் குளத்துலயா கரைச்சோம்?"

கால்வாயைப் பற்றிச் சொன்னேன். ஜேசிபி, மண், மூடுவது, உடைப்பது எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், வகுப்பில் பையன் தப்பான வழியில் கணக்குப் போடும்போது கேட்கிற அதே பொறுமை.

"இரு. நீ போட்ட நம்பர் சரியா, தப்பா?"

"சரிதான்."

"லிமிட்டுக்குள்ள இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"கணக்குல 'ஆனா'வே கிடையாது" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு, அமாவாசைக்கு அத்தனை ஜனம் வரும்னு அவங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கும் மூடித்தான் வெப்பாங்க. அதோட கடல் உப்புத் தண்ணி. புண்ணுக்கு நல்லதுதான்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை படித்தவர்கள் வாயில் கேட்டிருக்கிறேன்! உப்புத் தண்ணீர் மருந்து. உப்பில் எந்தப் பூச்சியும் வாழாது. அந்தத் தண்ணீரில் எது எது உப்பை விரும்பி வாழும் என்று எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். சொன்னேன். அவர் சிரித்தார். "நீ பாட்டில் பாட்டிலா கிருமியைப் பார்த்து பயந்து போயிருக்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என் மனதில் தங்கியது. அமாவாசைக்கு மூடி வைத்தாலும் வைப்பார்கள். அமாவாசைக்கு முந்தின வாரம் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எங்களோடு எப்போதும் பேசுகிற அதிகாரி எடுத்தார். தை அமாவாசைக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் குளிக்க வருவார்கள், முந்தின நாள் கால்வாய் வாயை மூடச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். மூடுவது சரி என்று நானே ஒப்புக்கொண்டு கேட்ட மாதிரி ஆயிற்று. அதற்கும் துணிந்துதான் கேட்டேன்.

"சாம்பிளிங் அடுத்த மாசம்தானே மேடம்?" என்றார்.

"சாம்பிளிங் இல்ல சார். ஜனங்க குளிப்பாங்க."

"சாம்பிளிங் இருந்தா சொல்லுங்க மேடம், ஏற்பாடு பண்ணிடுவோம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உதவி செய்கிறவர் குரலில்தான் சொன்னார்.

பொய்யாக ஒரு தேதி கொடுத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்கு மாதிரி எடுக்க வருகிறோம் என்று ஒரு வார்த்தை. ஜேசிபி வந்திருக்கும், கால்வாய் மூடியிருக்கும். அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு ஆபத்துக்குக்கூட ஒரு பொய் தோன்றாது போலிருக்கிறது.

அமாவாசை அன்று விடியும்போது கால் டாக்ஸியில் கிளம்பினோம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் பனியில் மங்கலாக இருந்தது. மடியில் ஒரு பையில் எள்ளும் தர்ப்பையும் வாழைப்பழமும். என் கைப்பையில் லேபிலிருந்து எடுத்து வந்த, கிருமி நீக்கிக் காகிதம் சுற்றிய மாதிரி பாட்டில் ஒன்று. எதற்கு எடுத்து வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏதாவது ஒன்றை என் கையால் செய்தாக வேண்டும் போல இருந்தது.

கடற்கரையில் நல்ல கூட்டம். புரோகிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போர்டு அப்படியே இருந்தது, பச்சை எழுத்தும் என் சுழியுமாக. மூங்கில் குடைகளைத் தாண்டியதுமே எனக்கு நாற்றம் வந்துவிட்டது. கால்வாய் திறந்து கிடந்தது. சாம்பல் நிறத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு கடலில் இறங்கி, கரையோரமாகவே தெற்கே நகர்ந்து, ஜனங்கள் முழுக்குப் போடுகிற இடம் வரை வந்திருந்தது. அங்கே எங்கள் மாதிரி எடுப்பவர் நின்றார். அவரும் அப்பாவுக்குக் கொடுக்க வந்திருந்தார்.

"மேடம், இங்க எறங்க வேணாம்" என்றார் என்னைப் பார்த்ததும். "ரெண்டு நாளா வாய் தொறந்து கீது. நாங்கல்லாம் தெக்கால ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போறோம். அண்ணனை இட்டுக்கினு வாங்க."

ஒரு கிலோமீட்டர், வண்டி போகாத மணலில். விரல் இல்லாத அந்தக் காலோடு. என் கணவர் மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவ்வளவு தூரம் என்னால முடியாதும்மா" என்றார். அதுவும் உண்மை.

"அப்போ திரும்பிடலாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

நிஜமாகவே குனிந்தேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அவர் கூச்சத்தோடு விலகினார். "அம்மாவுக்கு ரெண்டாவது வருஷமும் விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்று கேட்டார். கோபமில்லை. கண் கலங்கியிருந்தது. கடைசியில் நான்தான் அவர் காலில் பிளாஸ்டிக் கவர் போட்டு, முழங்காலுக்குக் கீழே ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினேன். இரண்டு கவர், ஒன்றின் மேல் ஒன்று. முதல் அலையிலேயே அது உருவிக்கொண்டு போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை, உணர்ச்சி இல்லாத கால் அல்லவா. மூன்று முழுக்குப் போட்டார்.

அவர் நின்ற இடத்திலேயே இறங்கி என் பாட்டிலை நிரப்பினேன். பக்கத்தில் ஒரு பெண் நாலு வயதுக் குழந்தையைத் தண்ணீரில் உட்கார வைத்திருந்தாள். "தண்ணி சரியில்லம்மா, பிள்ளையைத் தூக்கிக்கோ" என்றேன்.

"நல்லா இருக்குன்னு போர்டு வெச்சிருக்காங்களே, பாக்கலியாக்கா?" என்றாள்.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஈரப் புடவையோடு கரையேறி வந்துவிட்டேன்.

டாக்ஸியில் திரும்பும்போது அவர் வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தார். "பாரு, கொஞ்சம்கூட எரியல" என்று காலைக் காட்டினார். உள்ளங்காலில் அந்த மெல்லிசுத் தோல் ஊறி, வெள்ளையாக உரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து காய்ச்சிய தண்ணீரில் கழுவினேன், மருந்து போட்டேன், கட்டினேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன்.

எங்கள் பரிசோதனைக்கு மூன்று நாள் ஆகும். ஊதா நிறத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரைச் சேர்த்துச் சூட்டில் வைப்போம். கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாக மாறும். உள்ளே கவிழ்த்து வைத்திருக்கும் குட்டிக் குழாயில் காற்றுக் குமிழி ஏறும். அப்புறம் மறுபடி ஒரு சூடு, மறுபடி ஒரு நாள். எவ்வளவு அவசரப்பட்டாலும் கிருமி அதன் வேகத்தில்தான் வளரும். அதற்குள் குளித்தவர்கள் குளித்து, தலை துவட்டி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, எங்கள் தொழில் மொத்தமும் அதுதான். இத்தனை வருடம் இதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் அவருக்குக் குளிர் ஜுரம் வந்தது. கட்டைப் பிரித்தேன். கணுக்கால் வரை சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. நடுவில் ஒரு கரு நீலக் கொப்புளம். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் ஐ.சி.யூ. வாசலில் நான் நின்றிருந்தபோது மாதிரி எடுப்பவர் போன் செய்தார்.

"மேடம், உங்க சாம்பிள் எல்லாமே மஞ்சளு. ஒரு குழா வுடாம காத்து ஏறிக்கினு கீது." பிறகு கேட்டார், "அண்ணன் எப்டி கீறாரு?"

எல்லாக் குழாயும் மஞ்சளானால் எங்கள் அட்டவணையில் அதற்கு எண் கிடையாது. கடைசி எண்ணை எழுதி, 'இதற்கு மேல்' என்று குறி போட வேண்டியதுதான். எவ்வளவு மேல் என்று யாருக்கும் தெரியாது.

அன்று பிற்பகல் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். விஷம் மேலே ஏறுகிறது, உயிர் வேண்டுமா கால் வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு அந்த மாதம் நல்ல கிராக்கி.

"கடல் தண்ணியாலதானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. சர்க்கரை இருக்கு, ஏற்கெனவே புண் இருந்திருக்கு. எங்கேருந்து வேணா வந்திருக்கலாம்" என்றார். நியாயமான பதில். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் முதலாளி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அந்த மாதிரிக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டேன்.

"யார் பேர்ல போடறது மேடம்?" என்றார் சங்கடத்தோடு. "யாரும் கேட்டுக் கொடுத்த சாம்பிள் இல்லையே. கம்ப்யூட்டர்லயே ஏறாது. கோபப்படாதீங்க."

கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. கோபப்பட்டாலும் யார் மேல்? அவர் மேலா, சாம்பிளிங் இருந்தால் சொல்லுங்கள் என்ற அதிகாரி மேலா, வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று மண்ணை உடைக்கச் சொன்ன ஜனங்கள் மேலா? தேடித் தேடிப் பார்த்தால் கடைசியில் போர்டில் பெயர் உள்ளவள் நான் ஒருத்திதான்.

நான் வேலைக்குத் திரும்பிய வாரம் அடுத்த மாதிரி வந்தது. முன்கூட்டியே தேதி சொல்லியாயிற்று, முந்தின நாள் வாயை மூடியாயிற்று. குழாய்களில் ஊதா அப்படியே இருந்தது. எண் அளவுக்குள் வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடிவைத்து உட்கார்ந்தேன். ஆனால் எதைச் சொல்லி மறுப்பது? அந்த எண் உண்மை. அந்த பாட்டிலில் இருந்தது சுத்தமான தண்ணீர்தான். என்னால் ஆனது, அடியில் இருக்கும் அந்தப் பொடி வரியை மேலே தூக்கி, கையெழுத்தை ஒட்டிப் பெரிய எழுத்தில் போட்டேன், வெட்ட முடியாதபடி. பிறகு சுழித்தேன். அடுத்த வாரம் மாதிரி எடுப்பவர் புது போர்டின் போட்டோவை அனுப்பினார். அந்த வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு டால்பின் படம் போட்டிருந்தார்கள்.

என் கணவர் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் இருக்கும். செயற்கைக் கால் பொருத்த இன்னும் நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். ஹாலில் கட்டில் போட்டிருந்தோம். காலையில் வழக்கம்போல நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அவர் பாஸா ஃபெயிலா என்று கேட்பதில்லை. அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நீ ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்தியே."

"ம்."

"என்ன வந்துது?"

இந்தக் கேள்விக்கு நான் ஒரு மாதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் மஞ்சள், எண்ணே கிடையாது, நான் சொன்னேனே கேட்டீர்களா, கணக்கில் 'ஆனா' கிடையாது என்றீர்களே. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"காலைப் பத்தி இல்ல" என்றார். "கால் போகட்டும், என் சர்க்கரை, என் தலையெழுத்து. அம்மாவுக்குத் தண்ணி விட்டேனே, அது சாக்கடையா? அதை மட்டும் சொல்லிடு. உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு."

ஐம்பத்தாறு வயது மனிதர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் ஒரு எண்ணையும் மாற்றிச் சொன்னதில்லை.

"நல்லாத்தான் இருந்துது" என்றேன். "போர்டுல போட்டிருந்த மாதிரியே. லிமிட்டுக்குள்ளதான்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. நான் கட்டை மறுபடி சுற்றி முடித்து எழுந்தபோது கண்ணைத் திறந்தார்.

"அப்போ சரி" என்றார். "அடுத்த தை அமாவாசைக்குள்ள கால் பொருத்திடுவாங்க. அங்கேயே போயிடலாம். எங்கேயும் அலைய வேண்டாம்."